ஐந்துக்கு ஐந்து

போன மாதம் கொல்லிமலையிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் உதவி நூலகர் பேசினார். நூலக வாசலில், அவர் மேசைக்கு நேர் எதிரே, கறுப்புவெள்ளைக் கட்டம் ஒன்றை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்களாம். மாணவர்கள் கைப்பேசியை அதன்முன் காட்டினால் கேள்விகள் வருமாம். நூலகம் எப்படி இருக்கிறது என்று நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகலாமாம்.

"போடறாங்க மேடம். ஆனா எல்லாரும் அஞ்சு ஸ்டாரே போடறாங்க. மேலிடத்துல நம்ப மாட்டேங்கறாங்க. உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சமாளிக்கவில்லை, தம்பி. மாட்டிக்கொண்டேன். வேலையே போயிருக்க வேண்டியது. போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் சேந்தமங்கலத்துக்காரி. நூலக அறிவியல் படித்தேன். சமவெளியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் புத்தக முதுகில் எண் ஒட்டியே கழிந்தன. பசை நாற்றம் போகாத கையோடு கல்யாணம்கூட ஆகிவிட்டது. பிறகு இரவல் மேசைக்கு வந்தேன். அங்கேதான் தெய்வசிகாமணி சாருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டேன். அப்போது அவர் துணை நூலகர், பின்னாளில் பல்கலைக்கழகத்துக்கே தலைமை நூலகர்.

சார் மெல்லப் பேசுவார். கத்துகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை, நானும் கத்திவிடுவேன். மெல்லப் பேசுகிறவர்களிடம் என்ன செய்வது? சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பேனாவை எடுத்தால் முடிவு செய்துவிட்டார் என்று பொருள். ஒரு விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்துவிட்டு யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மைய நூலகத்து வாசலில் அவர் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று மாணவர் பிரதிநிதியிடம். வாரக் கடைசியில் இருவரும் சேர்ந்து திறப்பார்கள். உள்ளே இருக்கும் சீட்டுகளை நாங்கள் எல்லாரும் கேட்க வாய்விட்டுப் படிப்பார். பிறகு ஒவ்வொரு சீட்டையும் அறிவிப்புப் பலகையின் இடது பக்கத்தில் உள்ளது உள்ளபடியே ஒட்ட வேண்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் சரி, திட்டு இருந்தாலும் சரி. வலது பக்கத்தில் அந்தக் குறை யாரைப் பற்றியதோ அவரே தன் கையால் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்றும் எழுதலாம், ஆனால் ஏன் முடியாது என்று சொல்லியாக வேண்டும். பதில் ஒட்டாமல் சீட்டை எடுக்கக்கூடாது. அதுதான் சட்டம்.

ஒரு வாரம் என்னைப் பற்றி ஒரு சீட்டு வந்தது. இரவல் மேசை அக்கா எரிந்து விழுகிறார் என்று எழுதியிருந்தது. நான் எரிச்சலோடு, "கவனிக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எதைக் கவனிப்பீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்று முறை திருப்பி அனுப்பினார். கடைசியில், மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் மேசையில் வேறு ஆள் இருப்பார் என்று எழுதிய பிறகுதான் விட்டார். பசி நேரத்தில்தான் நான் எரிந்து விழுகிறேன் என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "பாராட்டை வெச்சுக்கிட்டு ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாதும்மா. குறை சொல்றவன்தான் உள்ள வந்து உக்காந்து பார்த்திருக்கான்."

கொல்லிமலையில் பல்கலைக்கழகம் ஒரு வளாகம் தொடங்கியபோது என்னை அங்கே மாற்றினார்கள். சேந்தமங்கலத்துக்காரி, மலைக்குப் பக்கம் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பக்கம்தான். தினமும் வளைவு வளைவாகப் பேருந்து ஏறும்போது வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்வதற்கே எனக்கு ஆறு மாதம் ஆனது.

நூலகம் ஒரு நீளமான கட்டடம். சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி. படித்தவர்களில் பாதிப் பேர் தேவனூர் நாட்டிலிருந்தும் பைல் நாட்டிலிருந்தும் வந்த மலைப் பிள்ளைகள். பல ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். மீதிப் பேர் கீழேயிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள். காலையில் வகுப்பு, பிற்பகலில் தோட்ட வகுப்பு. அது முடிந்ததும் மண்ணும் சேறுமாக நேரே நூலகத்துக்கு வருவார்கள். நான் வாசலில் நின்று கையைக் காட்டு என்பேன். மண் கையோடு புத்தகத்தைத் தொட்டால் நான் கேட்காமல் யார் கேட்பது?

சாரின் பெட்டியைப்போலவே இங்கும் ஒன்று செய்து வைத்தேன். ஒரு சீட்டு விழவில்லை. வாரா வாரம் திறப்போம், உள்ளே ஒரு பல்லி இருக்கும். ஒரு நாள் பெட்டிக்கு மேலே ஒரு சீப்பு மலைவாழைப்பழம் இருந்தது. புகார்ப் பெட்டிக்குப் பழம் படைத்த நூலகம் இந்த நாட்டிலேயே எங்களுடையதுதான் என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்லிச் சிரித்தேன். யார் வைத்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. முதுகலை படித்துக்கொண்டிருந்த கனகா. தேவனூர் நாட்டுப் பெண். அதிகம் பேச மாட்டாள், ஆனால் தினமும் வருவாள். சன்னலோரத்து மேசைதான் அவள் இடம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது விளங்காது. ஒருமுறை விடுதிக் காய்கறித் தோட்டத்தை ஆடுகள் மேய்ந்துவிட்டன. காப்பாளர் ஊர்க் கூட்டத்தில் முறையிடப் போனார், துணைக்கு நானும் போனேன். அது கனகாவின் ஊர். எல்லாரும் உட்கார்ந்ததும் ஆட்டுக்காரர் தானாகவே எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாதாம். முகத்துக்கு நேரே குறை சொல்வது அந்த ஊரில் பெரிய அவமானம், கேட்கிறவருக்கு மட்டுமல்ல, சொல்கிறவருக்கும். அவர் போனதும் உள்ளே இருந்தவர்கள் வாய் திறந்தார்கள் பாருங்கள். ஆடு மட்டுமல்ல, அவருடைய பத்து வருடக் குறைகளும் வந்து விழுந்தன. பேசி முடித்து முடிவெடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்து, முடிவைக் கேட்டு, தலையாட்டினார். எல்லாரும் ஒன்றாகக் காப்பி குடித்தோம்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, பல்கலைக்கழகத்தில் தர மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று சுறுசுறுப்பானது. எல்லா வளாக நூலகங்களிலும் வாசகர் கருத்துப் படிவம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். புத்தகங்கள் போதுமா, நேரம் வசதியா, ஊழியர்கள் எப்படி, இப்படிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிட வேண்டும். ஐந்து என்றால் முழுத் திருப்தி. பெயர் எழுதத் தேவையில்லை.

மேசையில் கட்டாக வைத்தேன். பக்கத்தில் பேனா. பேனா காணாமல் போகாமல் இருக்க அதைச் சணல் கயிற்றால் மேசைக்காலில் கட்டி வைத்திருந்தேன். எல்லாரும் அந்தப் பேனாவால் எழுதி, மடித்து, பெட்டியில் போட்டார்கள். பெட்டி முதல்முறையாக நிறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படிவங்களைப் பிரித்துப் பார்ப்பது முறையல்ல என்பதால் அப்படியே உறையிட்டு, அரக்கு வைத்துக் கீழே அனுப்பினேன்.

பதிலாக வந்தது ஒரு குறிப்பாணை.

மலை வளாகத்து நூலகத்திலிருந்து வந்த படிவங்கள் அனைத்திலும் அனைத்துக் கேள்விகளுக்கும் ஐந்து வட்டமிடப்பட்டுள்ளது. அனைத்தும் ஒரே பேனாவின் மையில் உள்ளன. கருத்துப் பகுதி அனைத்திலும் காலியாக உள்ளது. இவற்றை நூலகப் பொறுப்பாளரே நிரப்பியிருப்பதாகக் குழு கருதுகிறது. விளக்கம் தருக. இதுதான் சாரம். கீழே இன்னொரு வரி இருந்தது. மலை வளாகத்தில் உண்மையான வாசகர்கள் இருக்கிறார்களா என்பதே ஐயத்துக்குரியதாக இருப்பதால், நூலகத்தை மூடிப் புத்தகங்களை மைய நூலகத்துக்குக் கொண்டுவருவது பரிசீலிக்கப்படும்.

அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். அவ்வளவு வருட வேலையில் ஒரு புத்தகத்தின் பக்கத்தைக்கூட நான் மறைத்ததில்லை. இப்போது பொய்க் கையெழுத்துக்காரி என்று பெயர். நிரூபணமானால் இடைநீக்கம். ஓய்வூதியம் நிற்கும். அதைவிட, நான் போனால் போகட்டும், அந்த மலையில் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு நூலகம் எங்கே இருக்கிறது? கீழே இறங்கி வந்து படிக்கவா முடியும்?

அன்று சாயங்காலமே தெய்வசிகாமணி சார் போனில் கூப்பிட்டார். அப்போது அவர்தான் தலைமை நூலகர். குழுவின் பேராசிரியையோடு புதன்கிழமை மலைக்கு வருவதாகச் சொன்னார். நான் எழுதவில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இப்ப எதுவும் சொல்லாதீங்க. நான் வர்ற வரைக்கும் பசங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினீங்கன்னா உங்களைக் காப்பாத்த என்னால முடியாது" என்றார்.

நம்புகிறாரா, நம்பவில்லையா? அந்த மெல்லிய குரலில் ஒன்றும் தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. முப்பது வருடமாகத் தெரிந்த மனுஷன், எனக்குத் தெரியும் நீ செய்திருக்க மாட்டாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

புதன்கிழமை வரைக்கும் வாயை அடக்கிக்கொண்டு இருந்தது இருக்கிறதே, என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் புரியும். பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, ஏன் சாமி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கனகா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங் மேடம், ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு" என்று முத்திரை குத்தினேன். முத்திரை தலைகீழாக விழுந்தது.

புதன்கிழமை காலையில் மலையில் மூட்டம். சாரும் பேராசிரியையும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பேராசிரியை கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. அந்தப் படிவங்களை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். சார் எனக்கு வணக்கம் சொன்னார், காப்பி வேண்டாம் என்றார். நேரே போய் மேசைக்காலில் கட்டியிருந்த பேனாவைப் பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

மாணவர்களை நூலகத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி, பக்கவாட்டில். பேராசிரியை எழுந்து, நீங்கள்தான் இந்தப் படிவங்களை எழுதினீர்களா என்று கேட்டார். எல்லாரும் ஆமாங்க என்றார்கள். ஒரே குரலில். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்தது.

"சரி, இந்த நூலகத்துல என்ன குறை இருக்கு? சொல்லுங்க."

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுகூடவா இல்லை?"

"இல்லீங்க. மேடம் நல்லா பாத்துக்கறாங்க."

ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். நேரம் வசதியா? வசதிங்க. புத்தகம் கிடைக்கிறதா? கிடைக்குதுங்க. மேடம் எப்படி? மேடம் தங்கமானவங்க. ஒருவன் சொன்னதையே அடுத்தவனும் சொன்னான். என்னைத் தூக்கி வைத்துப் பேசப் பேச என் கழுத்தில் கயிறு இறுகிக்கொண்டே போனது. பேராசிரியை சாரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உரை தேவையில்லை. நன்றாகத்தான் தயார் செய்திருக்கிறாள் என்பதுதான் அது. சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போதுதான் கனகாவைப் பார்த்தேன். அவள் பேராசிரியையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள் இந்தப் பெண் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போன அந்த ஆட்டுக்காரர் நினைவுக்கு வந்தார்.

எழுந்தேன்.

"சார், நான் வெளியே நிக்கறேனுங்க. நீங்க கூப்பிட்டா வாரேன்."

விசாரணைக்கு ஆளானவள் பாதியில் எழுந்து போவதாவது? பேராசிரியை, உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை. சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பேனாவை மூடினார். "போங்கம்மா" என்றார். மேசையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். அது சலசலவென்று சத்தம் போட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெளியே குளிர். மிளகுக்கொடி சுற்றிய ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். கண்ணாடிச் சன்னல் வழியாகப் பிள்ளைகளின் முதுகுகளும், அவற்றுக்கு அப்பால் பேராசிரியையின் முகமும் தெரிந்தன. முதலில் எதுவும் நடக்கவில்லை. எல்லா முதுகுகளும் அசையாமல் இருந்தன. தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ என்று தோன்றியது. நானாக வெளியே வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதோ? திரும்பி உள்ளே போகலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அப்போது ஒரு முதுகு எழுந்தது. கனகா. அவள் பேசியது கேட்கவில்லை, ஆனால் நீளமாகப் பேசினாள். அதிகம் பேசாத பெண். அவள் உட்கார்ந்ததும் இன்னொருவன் எழுந்தான். பிறகு இன்னொருத்தி. பிறகு ஒரே நேரத்தில் இரண்டு பேர். ஒரு பையன் இடுப்பில் கையை வைத்து எதையோ ஆட்டிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியைகூடச் சிரித்தார்.

என்னைத்தான் நடித்துக் காட்டினான். அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எந்தப் பிள்ளைகளுக்காக ஐந்து நாளாகத் தூங்காமல் கிடந்தேனோ, அதே பிள்ளைகள் என்னை வைத்துச் சிரிக்கிறார்கள். இதுதான் நான் வேண்டியது, இதைத்தான் அவர்கள் செய்ய வேண்டும் என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினார்கள். மூட்டம் விலகி வெயில் வந்துவிட்டது, உள்ளே பேச்சு நிற்கவில்லை. அவ்வளவா இருக்கிறது சொல்வதற்கு என்று கோபம்கூட வந்தது.

சார்தான் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். கையில் தாள் முழுக்கப் பென்சில் எழுத்து. உள்ளே போனேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சார் மைய நூலகத்தில் செய்வதைப்போலவே ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

மழைக்காலத்தில் மேற்குச் சன்னலைச் சாத்தாததால் ஓரத்து அலமாரிப் புத்தகங்கள் ஊறிப்போகின்றன. மண்ணியல் புத்தகம் ஒரே ஒரு பிரதி, அதிலும் மலைச்சரிவு மண்ணைப் பற்றிய பக்கங்கள் இல்லை, யாரோ கிழித்துவிட்டார்கள். வாசலில் கையை நீட்டிக் காட்டச் சொல்வது சின்னப் பிள்ளைகளை நடத்துவதுபோல் இருக்கிறது, கை கழுவக் குழாயோ வெளியே இல்லை. தோட்ட வகுப்பு முடிந்து ஓடி வந்தால் கொஞ்ச நேரம்தான் படிக்க முடிகிறது. மேடம் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக முன்னதாகவே சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கிக்கொண்டு நடக்கிறார். அந்தச் சத்தம் கேட்டாலே படித்ததெல்லாம் மறந்துபோகிறது. விடுதிக்குப் போய்ப் படுத்தாலும் அந்தச் சத்தம் கேட்கிறது.

இன்னும் இருந்தது. ஒன்றுகூட இன்னொன்றைப்போல் இல்லை. தினமும் வந்து உட்காராத ஒருவரால் அதில் ஒரு வரியைக்கூடச் சொல்லியிருக்க முடியாது. பேராசிரியை அலமாரிக்குப் போய் அந்த மண்ணியல் புத்தகத்தை எடுத்தார். பக்கம் இல்லை. மேற்குச் சன்னலோரத்துப் புத்தகங்களைத் தடவிப் பார்த்தார். அட்டை உப்பியிருந்தது. திரும்பி வந்து கனகாவைக் கேட்டார்.

"இவ்வளவு குறை இருக்கு. அப்புறம் ஏம்மா படிவத்துல அஞ்சு போட்டீங்க?"

கனகா எழுந்தாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அது மேடத்துக்குப் போடற மார்க்குன்னு நெனச்சோமுங்க. கொறைச்சா அவங்க வேலைக்கே ஆபத்துன்னு விடுதியில பேசிக்கிட்டாங்க. எங்களுக்காக அத்தனை வளைவு ஏறி வாராங்க. அவங்களுக்குப் போயி எப்படிங்க மார்க்கைக் கொறைக்கறது? அவங்க மேசை, அவங்க பேனா, அவங்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

என்னைக் காப்பாற்ற நினைத்துத்தான் என் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். அழுதுவிட்டேன். அழுதுகொண்டே கோபமாகவும் இருந்தேன். சாவிச் சத்தம் அவ்வளவு பெரிய குற்றமா?

சார் பேனாவை எடுத்தார். அந்த மேசையிலேயே அறிக்கை எழுதினார். அதில் ஒரு வரியை என்னிடம் காட்டினார். படிவங்கள் உண்மையானவை, ஆனால் அவற்றில் எழுதியிருப்பது எதுவும் உண்மையல்ல என்பது அந்த வரி. பேராசிரியை படித்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டார். குறை சொல்ல இத்தனை பேர் இருக்கும் நூலகத்தை மூட முடியாது என்று அவரே எழுதினார்.

ஜீப்பில் ஏறும்போது சாரிடம் கேட்டேவிட்டேன். "சார், என்னை நம்பினீங்களா இல்லையா?"

"நான் நம்பறது உங்களுக்கு எதுக்கும்மா உதவும்? அந்தம்மா நம்பணும்" என்றார். பிறகு பென்சில் எழுதிய தாளை என் கையில் கொடுத்தார். "பலகையில ஒட்டுங்க. வலது பக்கம் காலியா இருக்கு."

ஒட்டினேன். என்னைப் பற்றி என் நூலகத்தில் என் கையாலேயே ஒட்டினேன். பிறகு வலது பக்கம் உட்கார்ந்து எழுதினேன். வாசலில் குழாயும் சோப்பும் வரும், கையைக் காட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் கழுவாமல் வந்தால் விட மாட்டேன் என்றும் சேர்த்து எழுதினேன், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. மண்ணியல் புத்தகம் மைய நூலகத்திலிருந்து வந்தது. சாவிக்கொத்து இனி இழுப்பறையில் இருக்கும் என்று எழுதினேன். நேரத்தைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. பஸ்ஸை விட்டால் நான் எப்படி ஊட்டுக்குப் போவது? இரண்டு நாள் அந்த இடம் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் வந்து வந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், வாரத்தில் நான்கு நாள் ஊழியர் குடியிருப்பில் தங்கி, விளக்கு வைத்த பிறகும் திறந்திருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது தனிக் கதை. சன்னலுக்கு மட்டும், சாத்தப்படும் என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருந்தேன். சார் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆகவே தம்பி, உங்கள் கட்டத்தை வாசலில் ஒட்டியது தப்பில்லை. அதை உங்கள் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறீர்கள் என்று சொன்னீர்களே, அதுதான் தப்பு. அவர்கள் போடுவது நூலகத்துக்கு அல்ல, உங்கள் முகத்துக்கு. கருத்துக் கேட்கும் நாளில் எழுந்து வெளியே போங்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். கேட்டதற்கெல்லாம் பலகையில் பதில் ஒட்டுங்கள். பதில் வராத குறையை மறு வருடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வருடம் படிவம் வந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஆளுக்கொரு பேனா வாங்கி வைத்தேன், சணல் கயிற்றை அவிழ்த்தேன். பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன்.

"மேடம்" என்று கூப்பிட்டாள் கனகா. அது அவளுக்கு அங்கே கடைசி வருடம். எழுந்து நின்றிருந்தாள். கையில் படிவம், மடிக்காமல், எழுத்து எனக்குத் தெரியும்படி பிடித்திருந்தாள். மற்ற மலைப் பிள்ளைகள் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"போவாதீங்க. உக்காருங்க மேடம்" என்றாள். என் முகத்தை நேரே பார்த்தாள். "நேரத்துக்கு அஞ்சு போட்டிருக்கேனுங்க. சன்னலை இன்னும் நீங்க சாத்தறதில்லீங்க. அதுக்கு ரெண்டுதானுங்க."

நான் உட்கார்ந்தேன்.